ஆட்டம் தொடங்கும் முன்னே: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களின் கணிப்புக் கலை

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. அடுத்த நவம்பர் வரும்வரை ஏழு மாதங்களுக்குப் போட்டி ஆட்டம் எதுவும் கிடையாது. ரசிகர்களின் பேச்சு மட்டும் ஓய்வதில்லை. யார் தங்குவார், யார் கிளம்புவார், புதிதாக வருபவர் தேறுவாரா, மார்ச் மாதத் தேசியப் போட்டியில் இடம் கிடைக்குமா என்ற கேள்விகள் வீட்டுத் திண்ணையிலும் வேலையிடத்திலும் மாதக்கணக்கில் அலசப்படுகின்றன. இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவது தவறு. தகவலைத் திரட்டி, எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வரும் பயிற்சி இது. தெரிந்ததையும், பாதி தெரிந்ததையும், தெரிந்துகொள்ளவே முடியாததையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ரசிகரே நன்றாகக் கணிக்கிறார். அந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

ஊரும் அணியும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. இவை முப்பதுக்குச் சற்று மேற்பட்ட கூட்டமைப்புகளாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுகின்றன. பருவ முடிவில் கூட்டமைப்புகளின் வாகையர் நேரடியாகவும், மற்ற அணிகள் ஒரு தேர்வுக் குழுவின் முடிவாலும் தேசியப் போட்டிக்குள் நுழைகின்றன. அந்தப் போட்டி 1939-ல் 8 அணிகளோடு தொடங்கியது. முதல் வாகை ஆரிகன். 1985-ல் அணிகளின் எண்ணிக்கை 64 ஆனது. 2011-ல் 68 ஆனது. ஒரே ஒரு தோல்வி, அத்துடன் அந்த அணியின் பருவம் முடிந்தது. ரசிகரின் ஏழு மாதக் கணிப்பெல்லாம் இந்தப் போட்டியை நோக்கியே நகர்கிறது.

இந்த ஆர்வத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கென்டக்கி மாநிலத்திலும் கன்சாஸ் மாநிலத்திலும் என்.பி.ஏ. தொழில்முறை அணி கிடையாது. அங்கே மாநிலத்தின் அணி என்றால் பல்கலைக்கழகத்தின் அணிதான். கென்டக்கி பல்கலைக்கழகம் 1948 முதல் 2012 வரை எட்டு முறை தேசிய வாகை சூடியது. லெக்சிங்டன் நகரில் 1976-ல் திறக்கப்பட்ட ரப் அரங்கம், 1930 முதல் 1972 வரை அந்த அணியைப் பயிற்றுவித்த அடால்ஃப் ரப்பின் பெயரைத் தாங்கியது. கன்சாஸ் அணியின் முதல் பயிற்சியாளர், 1891-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தையே உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித். தாத்தா பார்த்த அணியைப் பேரனும் பார்க்கும் ஊர்கள் இவை. வீரர்கள் நான்கு ஆண்டுக்கு மேல் தங்குவது அரிது. ரசிகர்களோ ஆயுள் முழுக்கத் தங்குகிறார்கள். அதனால்தான் வருகிற பருவம் அவர்களுக்குச் சொந்த வீட்டு விஷயமாகிறது.

இருநூறு நிமிடங்கள்

கணிப்பின் முதல் படி, அணியில் யார் இருப்பார்கள் என்ற கணக்கு. ஆடவர் ஆட்டம் 40 நிமிடம். ஒரு சமயத்தில் களத்தில் 5 பேர். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் பயிற்சியாளர் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியது 200 நிமிடங்கள். சென்ற பருவத்தில் அந்த இருநூறில் 140 நிமிடங்களை ஆடியவர்கள் திரும்பி வந்தால் அது கைபழகிய அணி. 40 நிமிடங்கள் மட்டுமே திரும்பினால் பழைய சட்டைக்குள் புதிய ஆட்கள். காலியான நிமிடங்கள் எந்த இடத்தில் என்பதும் முக்கியம். பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு போய்விட்டால், கூடைக்கடியில் நிற்கும் உயரமான சென்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் குறையை நிரப்ப முடியாது.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கு எளிது. படிப்பு முடித்தவர்கள் போவார்கள், மற்றவர்கள் ஓராண்டு முதிர்ந்து திரும்புவார்கள். மூன்று மாற்றங்கள் அதைக் கலைத்துவிட்டன.

முதலாவது, 2005-ல் என்.பி.ஏ. செய்த ஒப்பந்தம். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2006-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து, தேர்வு நடக்கும் ஆண்டில் 19 வயது நிறைபவராக இருந்து, உயர்நிலைப் பள்ளி முடித்து ஓராண்டும் ஆன பிறகே அமெரிக்க இளைஞர் என்.பி.ஏ.வுக்குத் தகுதி பெறுகிறார். இதனால் மிகச் சிறந்த வீரர்கள் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுப் பறக்கும் வழக்கம் வந்தது. 2012-ல் கென்டக்கி வாகை சூடியபோது அணியின் முதுகெலும்பாக இருந்த ஆந்தனி டேவிஸும் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டும் முதலாண்டு மாணவர்கள். மூன்று மாதத்துக்குள் என்.பி.ஏ. தேர்வின் முதல் இரண்டு இடங்கள் அவர்களுக்கே போயின.

இரண்டாவது, கல்லூரி மாறும் சுதந்திரம். முன்பு ஒரு வீரர் வேறு கல்லூரிக்குப் போனால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில், மாற விரும்புவோர் பெயர் பதியும் முறை வந்தது. 2021-ல் ஒருமுறை உடனடியாக மாறி ஆடலாம் என்றானது. 2024-ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் பிரிவு ஆடவர் அணிகளிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிகிறார்கள்.

மூன்றாவது, பணம். 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். எனவே இன்றைய ரசிகர் வீரரின் திறமையோடு கல்லூரியின் கருவூலத்தையும் கணக்கில் எடுக்கிறார்.

இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ன் கென்டக்கியே சான்று. 15 பருவங்கள் பயிற்றுவித்த ஜான் காலிபாரி அந்த ஏப்ரலில் ஆர்கன்சாவுக்குப் போனார். 1996-ல் வாகை சூடிய கென்டக்கி அணியின் தலைவர்களில் ஒருவரான மார்க் போப் பொறுப்பேற்றார். அவரை வரவேற்க ரப் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் உதவித்தொகை பெறும் பழைய வீரர் ஒருவர்கூட அணியில் எஞ்சவில்லை. இருநூறு நிமிடங்களும் காலி. அந்தக் கோடையில் கென்டக்கி ரசிகர்கள் தாங்கள் கண்ணால் பார்த்திராத ஓர் அணியைப் பற்றி, பிற கல்லூரிகளில் அவ்வீரர்கள் விட்டுச்சென்ற எண்களை மட்டும் வைத்துப் பேசினார்கள். பருவத்துக்கு முந்தைய தேசியத் தரவரிசையில் 23-ஆம் இடம் கிடைத்தது. நவம்பரில் அதே அணி, நாடே கண்வைத்திருந்த கூப்பர் ஃபிளாக் ஆடிய டியூக் அணியை 77-72 என வென்றது. மார்ச்சில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாக நின்றது.

புதுமுகங்கள்

இரண்டாம் படி, பள்ளியிலிருந்து வருபவர்களை எடைபோடுவது. ஆள்தேடும் நிறுவனங்கள் பள்ளி வீரர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தருகின்றன. உயரம், கைநீளம், வேகம், கோடைகாலச் சங்கப் போட்டிகளில் காட்டிய ஆட்டம் ஆகியவை அதற்கு அடிப்படை. ஐந்து நட்சத்திரம் பெறுபவர் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். ஆனால் நட்சத்திரம் வருங்காலத்தைச் சொல்கிறதே தவிர, இந்த நவம்பரைச் சொல்வதில்லை. 18 வயது இளைஞர், உடல் முற்றிய 22 வயதுக்காரரை எதிர்த்துத் தற்காப்பு ஆடுவது வேறு பாடம்.

விதிவிலக்கு வரும்போது அது எல்லாக் கணக்கையும் புரட்டிவிடும். 1965 நவம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் புதிய பாலி அரங்கத்தில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஜான் வூடன் பயிற்றுவித்த முதன்மை அணி: தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தேசிய வாகையர், வரும் பருவத்துக்கு நாட்டில் முதலிடம் என்று கணிக்கப்பட்டவர்கள். மறுபக்கம் அதே கல்லூரியின் முதலாண்டு மாணவர் அணி. முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. 1972-ல்தான் அது நீங்கியது. அந்த இரவில் முதலாண்டு அணி 75-60 என்று வென்றது. லூ அல்சிண்டர் என்ற மாணவர் 31 புள்ளிகளும் 21 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாத பந்தை மீட்பது) எடுத்தார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர் அவர். அரங்கில் இருந்தவர்களுக்கு இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் கிடைத்தன: இந்தப் பருவம் நினைத்தபடி அமையாது, அடுத்த மூன்றும் நினைத்ததைவிடச் சிறப்பாக அமையும். இரண்டும் பலித்தன. முதன்மை அணி அந்தப் பருவத்தில் 18 வெற்றி, 8 தோல்வி கண்டு தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அல்சிண்டர் ஆடிய 1967, 1968, 1969 மூன்றிலும் வாகை யு.சி.எல்.ஏ.வுக்கே.

பட்டியலும் எண்ணும்

மூன்றாம் படி, தன் அணியை மற்ற அணிகளோடு ஒப்பிடுவது. இதற்குப் பழைய கருவி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசை. 1948-49 பருவத்திலிருந்து நடக்கும் இதில் நாடெங்குமுள்ள விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24 என்று இறங்கி இருபத்தைந்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி. அக்டோபரில் வரும் முதல் பட்டியலே ரசிகர் வட்டாரத்தில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பும். அது பல அனுபவசாலிகளின் கருத்துகளைக் கூட்டிச் சேர்த்த தொகை. கல்லூரியின் பழைய பெருமையும் அதில் கலந்தே இருக்கும்.

புதிய கருவி, ஒரு பந்துவாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்ற அளவு. வானிலை ஆய்வாளராகப் பணியாற்றிய கென் பொமராய் இதைக் கல்லூரி ஆட்டத்தில் பரவலாக்கினார். ஓர் அணி கையில் பந்தை வைத்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு. கூடைக்கு எறிந்த எண்ணிக்கையில், தானே மீட்ட ரீபவுண்டுகளைக் கழித்து, இழந்த பந்துகளையும் எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்களில் ஏறக்குறையப் பாதியையும் கூட்டினால் வாய்ப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். நூறு வாய்ப்புக்கு எடுத்த புள்ளியும் விட்டுக்கொடுத்த புள்ளியும் தெரிந்துவிட்டால், எதிரணியின் தரத்தையும் சேர்த்து, அணியின் உண்மை வலிமையை மதிப்பிடலாம்.

இதன் பயன் வர்ஜீனியா போன்ற அணிகளைப் பார்க்கும்போது விளங்கும். டோனி பென்னட் பயிற்றுவித்த காலத்தில் அந்த அணி மெதுவாக ஆடியது. ஓர் ஆட்டத்தில் எடுத்த மொத்தப் புள்ளிகள் குறைவு. அதைக் கண்டு தாக்குதலில் வலுவில்லை என்று சொல்லிவிடுவது பிழை. வாய்ப்புக் கணக்கில் 2019 வர்ஜீனியா நாட்டின் மிகச் சிறந்த தாக்குதல் அணிகளில் ஒன்று.

பருவத்துக்கு முன்பே வெளியாகும் இத்தகைய கணிப்புகள், அணியின் கடந்த சில ஆண்டுகளின் தரம், திரும்பி வருபவர்களின் பங்களிப்பு, புதுமுகங்களின் மதிப்பீடு ஆகியவற்றைக் கலந்து செய்யப்படுகின்றன. ஆட்டங்கள் கூடக்கூட முன்கணிப்பின் எடை குறைந்து நடப்பு ஆட்டத்தின் எடை கூடுகிறது. ரசிகரும் இப்படித்தான் மனத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்: நவம்பரில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முழுக் கருத்தையும் மாற்றக்கூடாது, ஜனவரியில் பதினைந்து ஆட்டம் பார்த்த பிறகு அக்டோபர்க் கருத்தையே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது.

அட்டவணை

ஆட்ட அட்டவணையையும் படித்தால்தான் கணிப்பு முழுமையாகும். கூட்டமைப்புக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்கிறது. 2018-19 முதல் தேர்வுக் குழு பயன்படுத்தும் தரவரிசையில் ஒவ்வொரு வெற்றியும் நான்கு தரங்களில் ஒன்றில் விழுகிறது. சொந்த அரங்கில் முதல் 30 அணிகளுள் ஒன்றை வென்றாலும், பொது அரங்கில் முதல் 50-க்குள் ஒன்றை வென்றாலும், எதிரணியின் ஊரில் முதல் 75-க்குள் ஒன்றை வென்றாலும் அது முதல் தர வெற்றி. ஆகவே எளிய அணிகளை வரிசையாக வீட்டுக்கு அழைத்து வென்றால் வெற்றி எண்ணிக்கை கூடும். தேசியப் போட்டிக்கான வழக்கு வலுப்பெறாது. 25 வெற்றி வரும் என்று கணிப்பவர், அவற்றில் எத்தனை முதல் தரத்தவை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

அக்டோபர்த் திருவிழா

பேச்சு மட்டும் போதாமல் ரசிகர்கள் ஒன்றுகூடும் சடங்கும் உண்டு. 1971-ல் பயிற்சி தொடங்க அனுமதிக்கப்பட்ட நாள் அக்டோபர் 15. மேரிலாந்து பயிற்சியாளர் லெஃப்டி டிரிசல் அந்த நாள் பிறந்த நள்ளிரவிலேயே, 12 மணி 3 நிமிடத்துக்குத் தன் வீரர்களை ஓட்டப் பயிற்சிக்கு இறக்கினார். மாணவர்கள் திரளாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். அதிலிருந்து நள்ளிரவுப் பயிற்சிக் கொண்டாட்டம் நாடெங்கும் பரவியது. கென்டக்கி, கன்சாஸ், இண்டியானா ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தொடக்க விழாவை வைத்துக்கொண்டுள்ளன. பயிற்சி தொடங்கும் நாள் பிறகு முன்னுக்கு வந்துவிட்டதால் நள்ளிரவின் தேவை போய்விட்டது, விழா நிலைத்துவிட்டது.

இந்த ஆர்வம் ஆடவர் ஆட்டத்தோடு நிற்பதில்லை. 2023 அக்டோபர் 15 அன்று அயோவா பல்கலைக்கழக மகளிர் அணி, அமெரிக்கக் கால்பந்து மைதானமான கின்னிக்கில் டிபால் அணியோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. வெற்றி தோல்விப் பதிவில் சேராத அந்த ஆட்டத்துக்கு 55,646 பேர் திரண்டார்கள். மகளிர் கூடைப்பந்தில் அதுவரை காணாத கூட்டம். அயோவா வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கின் கடைசிக் கல்லூரிப் பருவம் எப்படி அமையும் என்ற எதிர்பார்ப்பே அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்தது. அந்தப் பருவத்தில் அவர் முதல் பிரிவின் எல்லாக் காலப் புள்ளிச் சாதனையையும் முறியடித்தார்.

கணிப்பு பொய்க்கும் இடங்கள்

தகவல் முழுவதும் கையில் இருந்தும் கணிப்பு தவறலாம் என்பதற்கு 2022-23 பருவத்தின் நார்த் கரோலினா சிறந்த பாடம். 2022 ஏப்ரலில் அந்த அணி தேசிய இறுதியாட்டத்தில் கன்சாஸை எதிர்த்து இடைவேளையில் 40-25 என முன்னிலை பெற்று, கடைசியில் 72-69 எனத் தோற்றது. முதல் ஐவரில் நால்வர் திரும்பினார்கள். இருநூறு நிமிடக் கணக்கின்படி இதைவிட உறுதியான அணி கிடையாது. பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் முதலிடம் கிடைத்தது. ஐந்து ஆட்டங்களில் தொடர்ந்து வென்ற அணி, பிறகு நான்கில் தொடர்ந்து தோற்றது. அவற்றுள் அலபாமாவோடு ஆடிய ஆட்டம் நான்கு கூடுதல் நேரப் பகுதிகள் வரை நீண்டு 103-101 என முடிந்தது. பருவ முடிவில் 20 வெற்றி, 13 தோல்வி. தேசியப் போட்டியில் இடமில்லை. 1985-ல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடம் கணிக்கப்பட்ட அணிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

காரணம் திரும்பி வராத அந்த ஐந்தாமவரிடம் இருந்தது. பிரேடி மானெக் உயரமானவர். மூன்று புள்ளி எறிதலில் சுமார் 40 விழுக்காடு கூடையில் விழச் செய்தவர். அவரைத் தடுக்க எதிரணியின் உயரமானவர் வெளியே வர வேண்டியிருந்ததால் கூடைக்கடியில் மற்றவர்களுக்கு இடம் பிறந்தது. அவர் போனபின் அந்த இடம் அடைபட்டது. நால்வரின் ஆட்டமும் கனத்தது. வீரர்களைத் தனித்தனியே எண்ணிய கணிப்பு, ஒருவர் மற்றவருக்குச் செய்துகொடுக்கும் வசதியை எண்ணத் தவறியது.

அதே பருவத்தில் கனெக்டிகட் அணிக்குத் தொடக்கப் பட்டியலின் 25 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களும் முதலாண்டு மாணவர்களும் பழையவர்களோடு பொருந்தினார்கள். தேசியப் போட்டியின் ஆறு ஆட்டங்களையும் குறைந்தது 13 புள்ளி வித்தியாசத்தில் வென்று கனெக்டிகட் வாகை சூடியது. 2023-24-ல் சௌத் கரோலினா மகளிர் அணி முந்தைய ஆண்டின் முதல் ஐவரையும் இழந்திருந்தது. ஆறாமிடம் கணிக்கப்பட்ட அந்த அணி 38 ஆட்டங்களையும் வென்று, இறுதியில் அயோவாவை 87-75 எனத் தோற்கடித்தது. பயிற்சியாளர் டான் ஸ்டேலி தன் மாற்று வீராங்கனைகளை முந்தைய ஆண்டுகளிலேயே தயார்செய்து வைத்திருந்தார் என்பதை நிமிடக் கணக்கு காட்டவில்லை.

காயத்தை யாரும் கணிக்க முடியாது. 2013 பிப்ரவரியில் கென்டக்கியின் நெர்லன்ஸ் நோயலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. முந்தைய ஆண்டின் வாகையர் தேசியப் போட்டிக்கு வெளியே நின்றார்கள். போட்டியின் அமைப்பே இன்னொரு தடை. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 80 விழுக்காடு வாய்ப்புள்ள அணி என்று வைத்துக்கொண்டாலும், ஆறு ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 26 விழுக்காடுதான். மிக வலுவான அணிகூட நான்கில் மூன்று முறை ஏமாற்றத்தோடு வீடு திரும்பும். இது தெரிந்த ரசிகர், தோல்வியைப் பயிற்சியாளரின் குற்றமாகவோ வீரரின் துரோகமாகவோ பார்க்கமாட்டார்.

நல்ல கணிப்பின் இலக்கணம்

இவற்றிலிருந்து சில நெறிகள் தெளிவாகின்றன. திரும்பி வரும் நிமிடங்களை எண்ண வேண்டும். அவை எந்தெந்த இடங்களில் என்றும் பார்க்க வேண்டும். புதுமுகத்துக்கு நட்சத்திரத்தைவிட வயதையும் உடலையும் வைத்து மதிப்பிட வேண்டும். மொத்தப் புள்ளியை விட்டு வாய்ப்புக்கான புள்ளியைப் பார்க்க வேண்டும். கணிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ஒரு வரம்பாகச் சொல்ல வேண்டும்: 20 முதல் 25 வெற்றி என்பது, 23 வெற்றி என்பதைவிட நேர்மையான கூற்று. முக்கியமாக, எது நடந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதை ரசிகர் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கைக்கும் இங்கே இடமுண்டு. வர்ஜீனியா 2018 தேசியப் போட்டிக்கு 31 வெற்றி, 2 தோல்வியோடு வந்து, அதுவரை முதல் சுற்றில் ஒருமுறைகூட வென்றிராத கடைசித் தரநிலை அணிகளில் ஒன்றான யு.எம்.பி.சி.யிடம் 74-54 என வீழ்ந்தது. அந்தக் கோடையில் அதன் ரசிகர்கள் இரண்டு உண்மைகளைப் பற்றிக்கொண்டார்கள்: மணிக்கட்டு முறிவால் அந்த ஆட்டத்தில் இல்லாத டி'ஆண்ட்ரே ஹண்டர் திரும்புகிறார், கைல் கையும் டை ஜெரோமும் தங்குகிறார்கள். நாடு முழுதும் ஓர் இரவின் தோல்வியைப் பேசிக்கொண்டிருந்தபோது, இருநூறு நிமிடக் கணக்கு வேறு கதை சொன்னது. 2019 ஏப்ரலில் வர்ஜீனியா கூடுதல் நேரத்தில் டெக்சஸ் டெக் அணியை 85-77 என வென்று முதல் தேசிய வாகையைச் சூடியது. ஆசையும் ஆதாரமும் ஒரே திசையில் நின்ற கணிப்பு அது. ஆதாரம் எதிர்த்திசையில் நிற்கும்போது அதை ஒப்புக்கொண்டும் தன் அணியோடு நிற்பவரே தேர்ந்த ரசிகர். அணிகள் ஆண்டுக்கு ஆண்டு கலைந்து சேரும் இந்தக் காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ச்சியுள்ள ஒன்றாக வைத்திருப்பது அத்தகையவர்களின் கவனமும் நினைவும் விவாதமுமே.